பலகையில் ஏறிய பாதிப் பேச்சு

என் பாவாயிக்கு,

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது. சரிவில் நட்ட தேயிலை மாதிரி கோணலாகத்தான் வருகிறது. கை நடுக்கம் பாதி, பழக்கம் இல்லாதது பாதி. கொழுந்து மூட்டையை லோரியில் தூக்கிப் போட்ட கைக்கு ஒரு பேனா கனக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். பெருவிரலை மையில் தொட்டே காலம் தள்ளிய உன் மாரிமுத்து. நீ போன பிறகு பாலாய் ராயா மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு அங்கே போய்க் கரும்பலகையைப் பார்க்கலாமே என்று போனேன். முதலில் என் பெயரைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. உன் பெயரைக் கேட்டு வாங்கி எழுதிப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குச்சியால் மண்ணில் அதையே எழுதிக்கொண்டு வந்தேன். பின்னால் வந்த காய்கறி லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"என்ன தாத்தா, காசு கீசு தொலைச்சிட்டீங்களா?"

"இல்லடா, பொண்டாட்டி பேர எழுதுறேன்."

"எழுதுங்க, எழுதுங்க. ஆனா ஓரமா எழுதுங்க லா, லோரி போவணும்."

அவன் போன பிறகு பார்த்தால் டயர் உன் பெயர் மேலேயே ஏறிப் போயிருந்தது. நான் கவலைப்படவில்லை. மறுபடியும் எழுத எனக்குத்தான் தெரியுமே! அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன் பாவாயி? இந்த வயசில் ஒருத்தனுக்கு அவ்வளவு சந்தோஷம் வரலாமா?

உனக்கும் படிக்கத் தெரியாது. அதனால் எழுத எழுத உன் படத்துக்கு முன்னால் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருகிறேன். டீச்சரம்மா இதை எங்கள் வகுப்பு மலரில் போடலாமா என்று கேட்டார். முதலில் வேண்டாம் என்றேன். பிறகு யோசித்தேன். உன்னைத் தெருவில் வைத்து நாலு பேர் பார்க்கத் தலைகுனிய வைத்தேன். மன்னிப்பை மட்டும் வீட்டுக்குள் ஒளித்துக் கேட்டால் அது என்ன நியாயம்? போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

நம் மகள் செல்வி கியா பார்மில் கடை போட்டிருக்கிறாள். நீ பார்க்காத கடை. மார்க்கெட் ஓரத்தில், ஸ்ட்ராபெரி விற்கிறவர்களுக்குப் பக்கத்தில். வடை, அவித்த சோளம், தேநீர். சனி ஞாயிறு ஆனால் பிரிஞ்சாங்கிலிருந்தே ரோட்டை அடைத்துக் காடிகள் நகராமல் நிற்கும். அதில் வருகிறவர்கள் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு நேராக அவள் அடுப்பண்டைதான் வருவார்கள். உன் கைப்பக்குவம் அவளுக்கு வந்திருக்கிறது. வடையை எண்ணெயில் விடும்போது உன்னைப் போலவே உதட்டைக் கடிக்கிறாள்.

கடைக்குப் புதுப் பெயிண்ட் அடித்த சமயத்தில் என்னிடம் வந்தாள்.

"ப்பா, பக்கத்துக் கடையில எல்லாம் பொம்மை படம் வரைஞ்சு மாட்டியிருக்காங்க. நம்ம கடையில அம்மாவோட பேச்சு ஒன்னு எழுதி மாட்டலாம்னு இருக்கேன். அம்மா நாமக்கல் பேச்சுல என்னென்னவோ சொல்லும்ல? எனக்கு சட்டுனு நெனப்புக்கு வரல. நீங்கதான் கூடவே இருந்தீங்க. இப்பதான் எழுதத் தெரியுமே, எழுதிக் குடுங்க."

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? என் எழுத்துக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது, அதுவும் உன்னைப் பற்றி. அந்த வாரம் முழுக்க உன் குரலைத் தேடிக்கொண்டே இருந்தேன். சொன்னால் நம்பு, வந்தது. அடுப்படியில் கரண்டியோடு நின்றுகொண்டு நீ சொல்வது காதில் அப்படியே கேட்டது. வகுப்பில் உட்கார்ந்து எழுதினேன். டீச்சரம்மா ஒரே ஒரு எழுத்தைத்தான் திருத்தினார்.

"வயிறு நிறையச் சாப்பிடு தாயி, இங்கே யாரும் அளந்து வைக்கல."

செல்வி அதைப் பிரிஞ்சாங்கில் விளம்பரப் பலகை எழுதும் சீனரிடம் கொடுத்தாள். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. படம் பார்த்து வரைகிற மாதிரி, சுழி சுழியாகப் பார்த்து வரைந்தார். ஒரு பிழை இல்லை. பச்சைப் பலகை, மஞ்சள் எழுத்து. அடியில் சின்னதாக, 'எங்கள் அம்மா பாவாயி சொன்னது' என்று செல்வி போடச் சொல்லியிருந்தாள்.

பலகை மாட்டிய நாளிலிருந்து நான் கடையிலேயே குடியிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். காலையில் பஸ் பிடித்துப் போவேன், பலகைக்குக் கீழே முக்காலி போட்டு உட்காருவேன். வருகிறவர்கள் படிப்பார்கள், போனில் படம் எடுப்பார்கள். கிள்ளானிலிருந்து வந்த ஓர் அம்மா படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுதுனது நான்தாம்மா" என்று சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அப்படி ஒரு நாள் ரிங்லெட்டிலிருந்து உன் தங்கை செல்லாயி வந்தாள். முட்டி வலியோடு படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் நம்மைப் போல எழுத்து வாசனை கிடையாது.

"என்னமோ அக்கா பேச்ச எழுதி மாட்டிருக்கீங்களாமே மாமா? ஊரே சொல்லுது. என்னான்னு படிங்க, கேப்போம்."

இதைவிட எனக்கு என்ன வேண்டும்? எழுந்து நின்றேன். ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்து, இழுத்து, சத்தமாகப் படித்தேன். சோளம் தின்றுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். படித்து முடித்துச் செல்லாயியைப் பார்த்தால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னொருக்கா படிங்க."

படித்தேன்.

"மீதி எங்க?"

"என்ன மீதி? அவ்வளவுதான் செல்லாயி. அடியில அக்கா பேரு போட்டிருக்கு."

அவள் என் பக்கத்தில் வந்தாள். செல்விக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினாள்.

"'உங்க ஆத்தா வீட்டுல மாதிரி.' அதான் மாமா மீதி. இங்க யாரும் அளந்து வைக்கல, உங்க ஆத்தா வீட்டுல மாதிரி. இது எங்கக்கா சொன்னதில்ல. எங்கக்காவப் பாத்துச் சொன்னது. சொன்னது உங்கம்மா."

நான் திரும்பிப் பலகையைப் பார்த்தேன்.

"எங்க வீட்டுல யாராவது யாரையாவது தாயின்னு கூப்பிட்டு நீங்க கேட்டிருக்கீங்களா? நாமக்கல்காரங்களுக்கு எல்லாரும் கண்ணுதான். தாயின்னு கூப்பிட்டது உங்க மதுரப் பக்கம். இதுகூடவா மாமா தெரியல உங்களுக்கு?"

செல்வி தட்டில் வடை வைத்துக்கொண்டு வந்தாள். "சின்னம்மா, சூடா இருக்கு, சாப்பிடுங்க."

"வேணாங் கண்ணு. வயிறு நெறைஞ்சிருக்கு" என்றாள் செல்லாயி. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அந்த வலிக்கிற முட்டியோடு திரும்ப இறங்கிப் போனாள். செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது பார்த்து ஒரு குடும்பம் வந்தது. அந்தப் பெண் பலகையைப் படித்துவிட்டு, "அங்கிள், இவங்க உங்க வைஃபா? நீங்களும் நில்லுங்க, ஒரு போட்டோ" என்றாள். மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. நின்றேன். சிரிக்கச் சொன்னாள், சிரித்தும் வைத்தேன். உன்னை அவமானப்படுத்திய பேச்சுக்குக் கீழே, உன் பெயருக்குப் பக்கத்தில், உன் புருஷன் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் யார் போனில், எந்த ஊரில் இருக்கிறதோ. அதை நான் எப்படிப் போய் அழிப்பேன்?

மறுநாளே ரிங்லெட்டுக்குப் போனேன். செல்லாயி கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், தேநீர் வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு அது பாவாயி குரல்லதான் கேக்குது செல்லாயி. சத்தியமா. அம்மா குரல்ல கேக்கவே இல்ல" என்றேன்.

"கேக்கும். ஏன் கேக்காது? உங்ககிட்ட வந்து சொன்னதே அவதானே."

அப்புறம்தான் அவள் சொன்னாள். செல்வி பிறந்த சமயத்தில் உனக்கு ஒத்தாசைக்கு வந்து நம் தோட்டத்து லயத்து வீட்டில் தங்கியிருந்தாளே, அப்போது கண்ணால் பார்த்தது. நீ இரண்டாவது கரண்டி சோற்றுக்குப் பானைப் பக்கம் கையை நீட்டினால் அம்மாவிடமிருந்து அந்தப் பேச்சு வருமாம். நல்ல மருமகளை உபசரிக்கிற மாதிரி ஆரம்பித்து, உன் அம்மா வீட்டில் சோற்றை அளந்து போட்டார்கள் என்ற குத்தலில் வந்து முடியுமாம். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உடம்பு, நீ கையை இழுத்துக்கொள்வாயாம். சாயங்காலம் நான் வேலை விட்டு வந்ததும், அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பூட்ஸைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் வந்து நிற்பாயாம்.

அது எனக்கு நினைவிருக்கிறது பாவாயி. நீ வந்து நிற்பது நினைவிருக்கிறது. கையில் கரண்டி இருக்கும். "இன்னிக்கு உங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று ஆரம்பிப்பாய். "ம்" என்பேன். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். நீ அம்மா மாதிரியே சொல்லிக் காட்டுவாய், "வயிறு நிறையச் சாப்பிடு தாயி" என்று. முன்பாதி காதில் விழும். அதற்குள் நான் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பேன், இல்லாவிட்டால் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பிவிடுவேன். பின்பாதியை நீ யாரிடம் சொன்னாய்? சுவரிடமா? சொல்லாமல் விழுங்கிவிட்டாயா?

அந்தச் சீனர் அர்த்தம் தெரியாமல் சுழியை மட்டும் பார்த்து வரைந்தார். அவருக்காவது தமிழ் தெரியாது. எனக்கு என்ன சாக்கு? அத்தனை வருடம் நீ அழாத குறையாக வந்து சொன்னதை நான் வெறும் சத்தமாக வாங்கி வைத்துக்கொண்டேன். வயசான காலத்தில் அதையே எடுத்துத் துடைத்து, உன் பொன்மொழி என்று சொல்லி நடுரோட்டில் மாட்டியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இந்தப் பாவமாவது வந்திருக்காது.

அம்மாவைப் பற்றிச் செல்லாயி கோபமாகப் பேசவில்லை. "அவங்களும் மதுரையில யார் வாயாலயோ இதக் கேட்டு வயிறு எரிஞ்சிட்டுத்தான் கப்பல் ஏறியிருப்பாங்க மாமா. நகை நட்டு கொண்டு வர முடியாதவங்க பேச்சையாவது கொண்டாருவாங்கல்ல" என்றாள். நல்லதும் கெட்டதும் ஒரே மூட்டையில்தான் வந்திருக்கிறது. எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க எனக்குத்தான் பொறுமை இருந்ததில்லை.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அப்ப பாவாயி என்னதான் சொல்லுவா செல்லாயி? எனக்கு ஒன்னுமே வரமாட்டேங்குது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நெழலு. ஞாபகம் இல்ல? உங்க கூட்டாளிங்க உங்கள நெழலு நெழலுன்னு கூப்பிடலையா?"

அவ்வளவுதான். அடைத்திருந்த கால்வாய் உடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

நான் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "நெழலாப் பாத்துப் போ கண்ணு" என்பாய். புருஷனைப் போய்க் கண்ணு என்று கூப்பிடுவது எனக்குக் கூச்சமாக இருக்கும். அதைவிட அந்த நிழல்! உங்கள் நாமக்கல் பொட்டல் வெயிலில் உன் பாட்டன் பூட்டன் காலத்தில் யாரோ யாருக்கோ சொன்னது. கால் வெந்துவிடும், மரத்தடி பார்த்து நட என்று அக்கறையில் சொன்னது. அதை நீங்கள் கப்பலில் ஏற்றி, மலையில் ஏற்றி, பகலிலேயே மூடுபனி இறங்குகிற இந்த இடத்தில் வந்து சொன்னீர்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிப் போகிறவனை நிழலில் போகச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? லோரியில் ஏறியதும் கூட்டாளிகளிடம் நானே சொல்லிச் சிரித்தேன். "டேய் நெழலு வந்துட்டான், அவனுக்கு ஒரு கொடை பிடிங்கடா" என்று அவர்கள் ஆரம்பித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் உன்னிடம் எரிந்து விழுந்தேன். இனி அந்தப் பட்டிக்காட்டுப் பேச்சு வேண்டாம் என்றேன்.

நீ விட்டுவிட்டாய். சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து வாசலில் வந்து சும்மா நின்றாய். நீ சொல்வதை நிறுத்திவிட்டாய் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை பாவாயி. செல்லாயி சொல்லித்தான் இப்போது தெரிகிறது.

செல்வியிடம் எப்படிச் சொல்வது? பஸ்ஸில் போகும்போது நூறு மாதிரி யோசித்தேன். எழுத்துப் பிழை என்று சொல்லிப் பலகையை இறக்கிவிடலாமா என்றுகூட ஒரு புத்தி போனது. இறங்கியதும் அந்தப் புத்தியை ரோட்டிலேயே விட்டுவிட்டேன். கடையில் கூட்டம் குறைகிறவரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். மீதியையும் சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"அம்மா பேரப் போட்டு வச்சேனேப்பா" என்றாள். "வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பெருமையா சொன்னேனே. எங்கம்மா சொல்லும் எங்கம்மா சொல்லும்னு. அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?"

அவளே முக்காலி மேல் ஏறிப் பலகையைக் கழற்றினாள். நான் பிடிக்கப் போனேன். "விடுங்கப்பா" என்றாள். நம் மகள் என்னிடம் அந்தக் குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தாள். வெறும் பலகையின் முதுகு மட்டும் தெரிந்தது.

ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டாள். "அப்ப அம்மா என்னதான் சொல்லும்?"

"நெழலாப் பாத்துப் போ கண்ணுன்னு சொல்லும்மா. வெளிய கிளம்புறவங்களுக்கு. நான்தான் வேணாம்னுட்டேன்."

செல்வி என்னையே பார்த்தாள். "அது பேச்சாப்பா? அத நான் தெனம் புள்ளைங்க ஸ்கூல் வேன்ல ஏறும்போது சொல்றேனே! உங்க முன்னாலயே எத்தன தடவ சொல்லியிருக்கேன். அம்மா எனக்குச் சொல்லும், நான் அதுங்களுக்குச் சொல்றேன். அதப்போய் யாரு எழுதி மாட்டுவாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல."

பார்த்தாயா? என்னிடம்தான் நிறுத்தியிருக்கிறாய். அவளிடம் நிறுத்தவில்லை. செல்வி வீட்டில் தங்குகிற நாட்களில் அந்த வேன் வரும்போது நானும் வாசலில்தான் நிற்கிறேன். செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்கிறேன். உன் பேச்சு என் தலைக்கு மேலேயே போயிருக்கிறது. இத்தனை பட்டும் என் காது திருந்தவில்லையா?

அன்றைக்கு நான் கிளம்பும்போது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மலையே தெரியாத அளவுக்குப் பனி. செல்வி இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். குடையை என் கையில் கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நெழலாப் பாத்துப் போங்கப்பா" என்றாள். நான் சிரிக்கவில்லை பாவாயி. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, இல்லாத நிழலைத் தேடிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை ஓரமாகவே நடந்தேன்.

பலகை இன்னும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. அதன் முதுகில் புதிதாக எழுதிக் கொடுங்கள் என்று நேற்று செல்வி போனில் சொன்னாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் ஒரு தடவை எழுதியதே போதும். உனக்குச் சம்மதம்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ எதற்குத்தான் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய்?

ஒன்று மட்டும் செய்யப் போகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை செல்லாயி வீட்டுக்குப் போகிறேன். பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, அவள் உன்னைப் பற்றி ஒரு பேச்சு சொன்னால் அது முடிகிறவரை கேட்பேன். நடுவில் "ம்" சொல்ல மாட்டேன். முடிந்த பிறகு, "மீதி இருக்கா?" என்று கேட்பேன். இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் பேனாவை எடுப்பேன். அதை அடுத்த வாரம் உனக்கு எழுதி, இதே படத்துக்கு முன்னால் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன். தப்பாக இருந்தால் கனவிலாவது வந்து திட்டு. முழுசாகத் திட்டு.

வெளியே பனி இறங்கிவிட்டது. உன் ஸ்வெட்டரைத்தான் தோளில் போட்டிருக்கிறேன். நிழல் என்ற சொல்லை இன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதுகிறேன். நான்கு தடவை அழித்து எழுதினேன். இப்போது நேராக வந்திருக்கிறது.

பாதிக் காதோடு உன்னோடு குடித்தனம் நடத்திய
உன் வீட்டுக்காரன்,
உன் கண்ணு,
மாரிமுத்து